மாதிரி ஆகாயவிமானம்: அமைப்பும் ஒப்பனையும் முதற்பறப்பும்

சீவகசிந்தாமணி பயின்றார் எவரும் அதன்கண் வரும் மயிற்பொறியை மறவார். சச்சந்த மன்னன் தொழில் வல்லான் ஒருவனைக் கொண்டு மயிலின் வடிவாக ஒரு பொறியை இயற்றுவித்தான் என்றும், அதன் விசையை வலப்புறமாகத் திருகினால் அது மேலெழுந்து பறக்கும் என்றும், இடப்புறமாகத் திருகினால் நிலத்தில் வந்திறங்கும் என்றும், அரசியாகிய விசயை அதனைச் செலுத்தும் முறையை முன்னரே பயின்றிருந்தாள் என்றும் திருத்தக்கதேவர் கூறுகின்றார். அரண்மனையைப் பகைவர் சூழ்ந்த நாளில் நிறைசூலியாகிய அவள் அப்பொறியில் ஏறியே உயிர் தப்பினாள் என்பது கதை.

இப்பொறிக்கு வேண்டிய இலக்கணம் இரண்டு. கண்டார் மயிலென்றே கருதுமாறு அது மயிலை ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திருந்தால் மட்டும் போதாது, பறக்கவும் வேண்டும். இக்காலத்தில் உண்மை விமானமொன்றைப் பார்த்து, அளவிற் குறுக்கி, வானொலி அலைகளால் நிலத்தினின்றே செலுத்தும் மாதிரி விமானம் அமைப்போர்க்கும் இவ்விரண்டே கட்டளைகள். கேட்பதற்கு இவை இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பறக்கின்ற விமானத்தைப் பார்த்து அவ்வாறே சிறிதாகச் செய்தால் அதுவும் பறக்குமன்றோ எனின், அன்று. உருவத்தில் ஒத்தலும் பறத்தலும் அடிக்கடி தம்முள் மாறுபடுவன. அவ்வழக்கைத் தீர்த்து வைத்தலே இக்கலையின் உயிர்நிலை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணாக்கராகிய எமக்கு யந்திர விஷயத்தில் என்ன வேலை என்று வினவும் நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்யுமிடத்து எதனைக் காத்தல் வேண்டும், எதனை விடுதல் வேண்டும் என்னும் வினா சிற்பிக்கும் உண்டு; மொழிபெயர்ப்பாளர்க்கும் உண்டு; மாதிரி விமானம் செய்வோர்க்கும் உண்டு. அவ்வினாவின் வாயிலாகவே யாம் இப்பொருளுட் புகுந்தோம்.

மாதிரிகளின் வரலாறு

மனிதனைச் சுமந்து சென்ற விமானத்திற்கு மாதிரி விமானமே மூத்தது. 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் பாரிஸ் நகரத்துத் துய்லெரித் தோட்டத்திலே, முறுக்கிய ரப்பர் இழையின் விசையாற் சுழலும் விசிறியையுடைய சிறு விமானம் ஒன்றைப் பலர் காணப் பறக்கவிட்டார். அது 11 வினாடிகளில் ஏறக்குறைய 40 மீட்டர் தூரம் நிலைகுலையாமற் சென்றது. வாலிலே சிறுதட்டொன்றை அமைத்து விமானத்தைத் தானே சமநிலையில் நிற்கச் செய்தமை அவர் கண்ட நுட்பம்.

அமெரிக்க நாட்டு ஸ்மித்ஸோனியன் நிலையத்தின் தலைவராயிருந்த சாமுவேல் லாங்லி என்பார் 1896-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், நீராவி யந்திரம் பூட்டிய ஆளில்லாத மாதிரியொன்றைப் பொட்டோமாக் நதியின் மேல் ஏறக்குறைய 1,000 மீட்டர் தூரம் பறக்கச் செய்தார். இவ்வெற்றியால் ஊக்கமுற்ற அவர், அவ்வமைப்பையே பெரிதாக்கி ஆளொருவரைச் சுமக்கும் விமானமாகச் செய்தார். அது 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாளும் டிசம்பர் 8-ஆம் நாளும் ஏவப்பட்டு, இருமுறையும் நீரில் வீழ்ந்தது. பெரிதாக்கிய சட்டத்தின் வலியின்மை அத்தோல்விக்குரிய காரணங்களுள் ஒன்று. ஒன்பது நாட்கள் கழித்து, டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர் பறந்தனர். சிறியதிற் செவ்வனே நின்றது பெரியதில் நில்லாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. பெரியதிற் செவ்வனே நின்றதும் சிறியதில் அவ்வாறே நில்லாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மாதிரியை நிலத்தினின்றே செலுத்தும் முறை இதற்குப் பின்னர் வந்தது. நிக்கோலா டெஸ்லா 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் கம்பியில்லா அலைகளாற் செலுத்தப்படும் சிறு படகொன்றை மக்கள் வியக்கக் காட்டினார். விமான மாதிரிகளிலே இம்முறையை வெற்றியுறக் கையாண்டவருள் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் முற்பட்டவர். 1937-ஆம் ஆண்டிற் பறந்த அவர்தம் மாதிரி அமெரிக்காவின் தேசிய விமானக் காட்சிசாலையிற் சேர்க்கப்பட்டது.

அளவு மாறின் இயல்பும் மாறும்

இனி, உண்மை விமானமொன்றை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுக் காண்போம். மாதிரி அமைப்போர் பெரிதும் விரும்புவது பைப்பர் ஜே-3 கப் என்னும் விமானம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்து லாக் ஹேவன் நகரில், 1938 முதல் 1947 வரை, ஏறக்குறைய 20,000 வரையிற் செய்யப்பட்டது அது. எஃகுக் குழாய்களாலான உடற்சட்டத்தின் மேல் துணி போர்த்தது. சிறகு உடலின் மேற்புறத்திற் பொருந்தியது. இருவர் ஒருவர்பின் ஒருவராய் அமரத்தக்கது. 65 குதிரைத்திறனுடைய யந்திரம் பூண்டது. மஞ்சள் வர்ணமும், பக்கங்களில் மின்னற் கொடிபோல் ஓடும் கருங்கோடும் அதற்குரிய அடையாளங்கள். சிறகின் முழுநீளம் 10.74 மீட்டர்; சிறகின் பரப்பு ஏறக்குறைய 16.6 சதுர மீட்டர். சுமையோடு கூடிய நிறை ஏறக்குறைய 550 கிலோகிராம்.

இதனை ஐந்தில் ஒரு பங்காகக் குறுக்குவோம். சிறகின் நீளம் 2.15 மீட்டராகும். பரப்போ நீளமும் அகலமுமாகிய இரண்டையும் பற்றியதாகலின், ஐயைந்து இருபத்தைந்தில் ஒரு பங்காகி, 0.66 சதுர மீட்டராய்விடும். நிறை, நீளம் அகலம் கனம் என்னும் மூன்றையும் பற்றியதாகலின், நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்காகி, 4.4 கிலோகிராமாகும். எனவே உண்மை விமானத்திலே சதுர மீட்டர் ஒன்றுக்கு 33 கிலோகிராம் சுமக்கும் சிறகு, மாதிரியிலே ஆறரை கிலோகிராமுக்குச் சற்றே மிகுதியாகத்தான் சுமக்கின்றது. இதனால் விளைவது நன்மையே. மாதிரி மெல்ல ஓடியே மேலெழும். எஃகினாற் செய்ய வேண்டிய சட்டத்தை மெல்லிய மரத்தாலேயே செய்துவிடலாம்.

ஆயின் வேகத்தைப் பாருங்கள். சிறகு காற்றிலே தாங்கும் வலியை இழந்து விமானம் தாழத் தொடங்கும் வேகம் உண்மைக் கப் விமானத்திற்கு மணிக்கு ஏறக்குறைய 61 கிலோமீட்டர். நம் மாதிரிக்கு அவ்வேகம் ஐந்தில் ஒரு பங்கு அன்று. ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவாகிய 27 கிலோமீட்டர். உருவம் ஐந்தில் ஒன்றாகவும் வேகம் அவ்வளவிற் குறையாமலும் இருத்தலால், காண்போர் கண்ணுக்கு அது உண்மை விமானத்தினும் இருமடங்கிற்கு மேல் விரைந்தோடுவதாகத் தோன்றும். உருவத்தாற் கப், ஓட்டத்தால் வேறொன்று. வேகமும் ஐந்தில் ஒன்றாதல் வேண்டுமெனின், மாதிரியின் நிறை 900 கிராமுக்குள் அடங்குதல் வேண்டும். இரண்டு மீட்டர்க்கு மேல் நீண்ட சிறகும், உடலும், மோட்டாரும், பாட்டரியும் ஆகிய எல்லாவற்றையும் அந்நிறைக்குள் அடக்குதல் அரிதினும் அரிது.

இன்னும் ஒன்று உண்டு. விமானத்தைக் குறுக்கினோம், காற்றைக் குறுக்க நம்மால் இயலாது. உண்மை விமானத்தைச் சூழ்ந்த காற்றே மாதிரியையும் சூழ்கின்றது. சிறகு சிறுகவும் வேகம் குறையவும், காற்றின் ஒட்டுந்தன்மை மிகுந்து காட்டும். 1883-ஆம் ஆண்டில் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் குழாய்களில் ஓடும் நீரை ஆராய்ந்து கண்ட இவ்வுறவை இன்று ரெனால்ட்ஸ் எண் என்று வழங்குகின்றனர். உண்மைக் கப் விமானம் செல்லுங்கால் அவ்வெண் முப்பது இலட்சத்திற்கு மேலாகும். நம் மாதிரிக்கு மூன்று இலட்சத்தை ஒட்டி நிற்கும். அவ்வெண் குறையுந்தோறும் காற்று சிறகின் மேற்புறத்தை விட்டு எளிதிற் பிரிந்துவிடும். ஆதலால் தேர்ந்தவர் சிறகின் குறுக்குவெட்டு வடிவத்தைச் சற்றே மாற்றுவர். வாற்றட்டைச் சிறிது அகலமாக்குவோரும் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத இம்மாற்றங்களே கண்ணுக்குப் புலனாகும் ஒப்புமையைக் காக்கின்றன. சொல்லுக்குச் சொல் வைத்த மொழிபெயர்ப்பு மூலத்தின் உயிரை இழத்தல் போல, அங்குலத்திற்கு அங்குலம் ஒத்த மாதிரி பறக்கும் ஆற்றலை இழத்தல் கூடும்.

அமைக்கும் முறை

வேலை தொடங்குமுன் ஆதாரங்களைத் திரட்டுதல் வேண்டும். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னிருந்தும் நோக்கிய மூவகை வரைபடங்கள், நிழற்படங்கள், வர்ணக் குறிப்புக்கள் ஆகியவை இன்றேல் ஒப்புமை என்ற பேச்சிற்கு இடமில்லை. சர்வதேச வான்விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி நடைபெறும் போட்டிகளில், நடுவர் இவ்வாதாரங்களைக் கையில் வைத்துக்கொண்டே நிலத்தில் நிற்கும் மாதிரியை ஒப்பிட்டு மதிப்பிடுவர். பின்னர் அது வானிற் பறக்கும் பாங்கையும் தனியே மதிப்பிடுவர். இரண்டு மதிப்பும் சேர்ந்தே பரிசு.

சட்டத்திற்குச் சிறந்தது பால்ஸா மரம். ஈக்வடார் நாட்டில் மிகுதியாகப் பயிராவது அது, விரைந்து வளர்வது, நீரினும் பன்மடங்கு இலேசானது, கத்தியால் எளிதில் அறுக்கப்படுவது. ஒரே மரத்துப் பலகைகளுள்ளும் வன்மையும் மென்மையும் வேறுபடும். வன்மையானவற்றைச் சிறகின் நடுவே ஓடும் விட்டத்திற்கும் மென்மையானவற்றை வாலுக்கும் தெரிந்தெடுத்தல் முதல் வேலை. தராசில் ஒவ்வொரு துண்டையும் நிறுத்துப் பார்ப்போர் பின்னர் வருந்தார்.

தட்டையான பலகையின்மேல் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாதவாறு அதன்மேல் மெல்லிய தாளைப் பரப்பி, விட்டத்தைக் குண்டூசிகளால் நிறுத்தி, விலாவெலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக நேர்பார்த்து ஒட்டுவர். பலகை சிறிது கோணியிருப்பின் சிறகும் கோணும். கோணிய சிறகு வானத்திலே ஒரு பக்கமாகச் சாயும். நிலத்தில் ஒரு மயிர் அளவாயிருந்த குற்றம் வானில் ஒரு மலையளவாகும். வேண்டுமென்றே வைக்கும் கோணல் ஒன்றும் உண்டு. சிறகின் நுனியில் முன்விளிம்பு இரண்டு பாகை அளவு தாழுமாறு முறுக்கி வைப்பர். வேகம் குறையுங்கால் நுனிக்கு முன்னரே அடி தாங்கும் வலியை இழக்கும். ஆகவே விமானம் திடீரென ஒரு பக்கமாகப் புரளாது மூக்கை மாத்திரம் மெல்லத் தாழ்த்தும்.

ஒட்டுந் தொழிலில் ஒரு பசை எல்லாவற்றிற்கும் ஆகாது. மரத்தோடு மரம் பொருந்துமிடத்துக்கு வெண்பசை. விரைந்து பிடிக்க வேண்டிய சிறு மூட்டுக்களுக்குச் சயனோ பசை. மோட்டார் தாங்கும் பலகை, சக்கரக்கால் முதலிய பெருவலி தாங்குமிடங்களுக்கு எப்பாக்ஸி. மிகுதியாக இட்ட பசை வலியைக் கூட்டாது, நிறையை மாத்திரம் கூட்டும்.

ஒப்பனை

சட்டம் முடிந்தபின் மேற்போர்வை. முற்காலத்திற் பட்டுத்துணியையோ மெல்லிய தாளையோ போர்த்தி, டோப் என்னும் மெருகெண்ணெயைப் பூசி இறுகச் செய்வர். இக்காலத்தில், சூடாக்கிய இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தவுடன் ஒட்டிச் சுருங்கி இறுகும் பாலியெஸ்டர் துணிகள் கிடைக்கின்றன. கப் போன்ற துணி போர்த்த விமானத்திற்கு இழை தெரியும் துணியே பொருத்தமானது. கண்ணாடிபோல் மின்னும் போர்வை பொம்மையென்றே காட்டிவிடும்.

இங்கேதான் கைவினையின் இன்பம் தொடங்குகிறது. உண்மை விமானத்தில் துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைத்த தையல் முடிச்சுக்களை, பசைத்துளிகளை ஒழுங்காக வைத்துக் காட்டுவர். முடிச்சுக்களை மறைக்கும் நாடாவை, பல்லுப்பல்லாக வெட்டிய துணிக்கீற்றாற் செய்வர். கப் விமானத்தின் மூக்கினின்று இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு சிலிண்டர்களையும் இலேசான பொருளாற் செய்து ஒட்டுவர். வர்ணத்திலும் நுட்பம் உண்டு. சிறிய பொருளின்மேல் முழு அழுத்தமான வர்ணம் கண்ணைக் குத்தும். சற்றே வெளுப்பாக்கினால் தொலைவில் நிற்கும் பெரிய விமானத்தைக் காணும் உணர்ச்சி உண்டாகும்.

ஆயினும் ஒப்பனை செய்வோன் ஒவ்வொரு நாளும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: இதன் நிறை என்ன? நிறை எங்கே சேர்கிறது? ஊர்க் கடைகளில் முன்பு வழங்கிய வெள்ளிக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்குங்கயிற்றுக்கு அருகே தொங்கும் பெரும்பாரத்தை, தொலைவில் நிற்கும் சிறுபாரம் சமன்செய்து விடும். விமானமும் அத்தகைய கோலே. நம் மாதிரியிலே நிறைநடு எனப்படும் புள்ளியினின்று வாற்றட்டு ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் தொலைவில் உளது. மூக்கோ 30 சென்டிமீட்டர் தொலைவில்தான் உளது. எனவே வாலில் 30 கிராம் வர்ணம் மிகையாகப் பூசினால், மூக்கில் ஏறக்குறைய 90 கிராம் ஈயம் வைத்தாலன்றிச் சமன் கிட்டாது. அழகுக்காகச் சேர்த்தது 30. பறப்புக்காகச் சுமப்பது 120. உண்மைக் கப் விமானத்திலும் இத்தகைய கணக்கு இருந்தது. தனியே செலுத்துபவர் முன்னிருக்கையை விட்டுப் பின்னிருக்கையிலேயே அமர்தல் வேண்டும் என்பது அதன் விதி.

வானொலிக் கருவி

செலுத்துவோன் கையிலுள்ள பெட்டியில் இரண்டு குச்சிகள் இருக்கும். அவற்றின் அசைவு எண்களாக மாறி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளின் வழியே விமானத்தினுள் இருக்கும் ஏற்பியை அடையும். ஏற்பி அவற்றைச் சர்வோ எனப்படும் சிறு மோட்டார்ப் பெட்டிகளுக்கு மின்துடிப்புக்களாக விடுக்கும். பெரும்பாலான சர்வோக்களுக்கு ஒரு வினாடியில் ஐம்பது முறை துடிப்பு வரும். ஒரு வினாடியை ஆயிரங் கூறாக்கினால் அத்துடிப்பு ஒரு கூறு நீண்டிருந்தால் ஒரு கோடிக்கும், இரண்டு கூறு நீண்டிருந்தால் மறு கோடிக்கும், ஒன்றரைக் கூறு நீண்டிருந்தால் நடுவிலும் சர்வோவின் கை நிற்கும். அக்கை கம்பியொன்றை இழுக்க, சிறகின் நுனியிலுள்ள எய்லரானும், வாலின் கிடைத்தட்டிலுள்ள எலிவேட்டரும், நெட்டுத்தட்டிலுள்ள ரட்டரும் அசையும். எய்லரான் சாய்க்கும், எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும், ரட்டர் படகின் சுக்கான்போல் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும்.

முன்னாளில் ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸும் அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸும் பெரிதும் வழங்கின. ஒரே அலைவரிசையில் இருவர் பெட்டியை முடுக்கினால் வானிலிருந்த விமானம் கட்டற்று வீழும். ஆதலால் களத்திலே பலகை வைத்து, வரிசை எண்ணுக்குரிய அடையாளத்தைக் கைக்கொண்டவரே பெட்டியை முடுக்குவர். இக்காலக் கருவிகள் அலைவரிசையை இடைவிடாது மாற்றிக்கொண்டும், தமக்குரிய ஏற்பியை மட்டுமே அறிந்தும் இயங்குதலால் அவ்விடர் பெரிதும் நீங்கியது. தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்குமாறு ஏற்பியை முன்னரே பழக்கி வைத்தல் செலுத்துவோன் கடமை.

முதற்பறப்பு

மாதங்கள் பல செலவிட்டுச் செய்த ஒன்றை இரண்டு நிமிட நேரம் காற்றுக்கு ஒப்புவிக்கும் நாள் இது. மேசைமேல் வைத்து அழகு பார்த்தால் மாதிரி ஒருபோதும் உடையாது. ஆனால் அப்பொழுது அது மயில் வடிவமேயன்றி மயிற்பொறி ஆகாது.

களத்திற்குச் செல்லுமுன் வீட்டிலேயே சோதிக்க வேண்டுவன சில. முதலாவது, நிறைநடு. சிறகின் அகலம் 32 சென்டிமீட்டராயின், முன்விளிம்பினின்று 8 முதல் 9 சென்டிமீட்டர் தூரத்தில் இருபுறமும் விரல்வைத்துத் தூக்க, விமானம் சமமாகவோ மூக்கு இம்மியளவு தாழ்ந்தோ நிற்றல் வேண்டும். மூக்குப்பாரம் மிகுந்த விமானம் சோம்பலாகப் பறக்கும். வாற்பாரம் மிகுந்த விமானமோ செலுத்துவோன் கைக்கு அடங்காது, ஒரு முறை பறந்து அத்தோடு முடியும். இரண்டாவது, தட்டுக்களின் திசை. வலக்குச்சி வலப்புறம் சென்றால் வலச்சிறகின் எய்லரான் மேலே எழும்புகிறதா? கம்பி இடம்மாறிப் பூட்டப்பட்டிருப்பின் நிலத்தில் அது தெரியாது; விமானம் எழுந்த மறுகணம் தெரியும்; அப்பொழுது தெரிந்து பயனில்லை. மூன்றாவது, அலையின் எட்டும் வலி. பெட்டியின் வலியைக் குறைத்து வைத்துக்கொண்டு முப்பது தப்படி விலகி நின்று, மோட்டார் ஓடும்போதும் ஓடாதபோதும் தட்டுக்கள் தடுமாறாமல் அசைகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

களத்திலே காற்று மெல்லியதாயும் ஓடுபாதைக்கு நேராயும் வீசும் காலை வேளை நன்று. எவரும் விமானத்தின் முன்னே நிற்றலாகாது; மக்கள் கூடிநிற்கும் பக்கத்தின் மேல் பறத்தலும் ஆகாது. இந்திய நாட்டில் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுத்துள்ளன. எவ்விடம் எவ்வகையது என அறிந்த பின்னரே பறக்கவிடுதல் வேண்டும்.

இனி எழுச்சி. கப் விமானம் வாலிற் சிறு சக்கரமுடையது. நிலத்தில் ஓடும்பொழுது பின்புறம் முன்புறத்தை முந்தப் பார்க்கும் இயல்பினது. மோட்டாரை மெல்ல மெல்லக் கூட்டினால் விசிறியின் சுழற்சியால் மூக்கு இடப்புறம் இழுக்கும். அதனை வல ரட்டராற் சிறிது சிறிதாகத் திருத்துதல் வேண்டும். வால் எழும்பும், இன்னுஞ் சிறிது தூரம் ஓடவிட வேண்டும். உண்மைக் கப் வானில் மெல்லென ஏறுவது. மாதிரியும் அங்ஙனமே ஏறுதல் வேண்டும். மோட்டாரின் வலியை நம்பி மூக்கை வானை நோக்கி நிறுத்தினால் வேகம் அற்றுப்போகும்; அவ்வுயரத்தில் மீட்பதற்கு இடமிராது.

போதிய உயரத்தை அடைந்தபின், குச்சிகளை விட்டாலும் நேரே செல்லுமாறு பெட்டியிலுள்ள சிறு பொத்தான்களால் திருத்துவர். பின்னர் அதே உயரத்தில் மோட்டாரைக் குறைத்து, விமானம் எவ்வேகத்தில் தாங்கும் வலியை இழக்கிறது, இழக்குங்கால் எப்பக்கம் சாய்கிறது என்று அறிவர். இஃது அச்சமூட்டுவதாயினும் இன்றியமையாதது. இறங்கும்போது எவ்வளவு மெல்லச் செல்லலாம் என்பதை இதுவன்றி வேறெதுவும் கற்பியாது. திரும்பும்போது கப் தன் பழைய குணத்தைக் காட்டும். எய்லரானால் மட்டும் சாய்த்தால், தாழ்ந்த எய்லரான் காற்றை மிகுதியாகத் தடுத்து, மூக்கை எதிர்ப்புறம் இழுக்கும். எய்லரானையும் ரட்டரையும் ஒருங்கே கையாள்பவனுக்குத்தான் அது அழகாகத் திரும்பும். பெரியதன் குணம் சிறியதில் மாறாது நின்ற இடங்களுள் இஃதொன்று.

நிலத்தில் நின்று செலுத்துவோனுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. விமானம் அவனை விட்டு விலகிச் செல்லும்போது அதன் வலமும் அவன் வலமும் ஒன்று. அவனை நோக்கி வரும்போதோ, கண்ணாடியில் தோன்றும் உருவம்போல் இடம் வலமாகும். பழகாதவன் இவ்விடத்திலேயே தடுமாறுவான். எப்பக்கத்துச் சிறகு தாழ்ந்து தோன்றுகிறதோ, அப்பக்கமே குச்சியைச் சாய்த்தால் சிறகு நிமிரும் என்பது பழகியவர் கற்பிக்கும் எளிய உபாயம். உள்ளே அமர்ந்த விமானி உடம்பால் அறிவதை எல்லாம் இவன் கண்ணாலேயே அறிதல் வேண்டும்.

இறங்குதல் கடைசிச் சோதனை. காற்றை எதிர்கொண்டு, மோட்டாரை முற்றும் அணைக்காது, மூக்கைச் சற்றே தாழ்த்தி, வேகத்தைக் காத்துவந்து, நிலத்தை அணுகியபின் எலிவேட்டரை மெல்ல உயர்த்த, மூன்று சக்கரமும் ஒருங்கே புல்லைத் தொடும். இறங்கும் முறை பிழைக்குமாயின் மீண்டும் எழுந்து சுற்றிவருதல் இழுக்கன்று. விமானம் கைமீறி மக்களை நோக்கிச் செல்லுமாயின், அதனைக் காப்பாற்றும் எண்ணத்தை அக்கணமே விடுத்து, மோட்டாரை அணைத்து வெற்றிடத்தில் விழவிடுதலே அறம். பல மாத உழைப்பும் ஒரு மனிதனின் கண்ணுக்கு ஈடாகாது. இத்துணிவை முன்னரே நெஞ்சில் நிறுத்திக்கொள்ளாதவன் பெட்டியைக் கையில் எடுத்தல் தகாது.

இதனாற் பயன் என்னை?

விளையாட்டுப் பொருளுக்கு இத்துணைப் பாடா என்று சிலர் கேட்கலாம். மேனார்டு ஹில் என்னும் அமெரிக்கரின் செயலை அவர்க்கு எடுத்துக்காட்டுவோம். பால்ஸா மரத்தாலான, ஐந்து கிலோகிராமுக்கு மேற்படாத அவர் விமானம் 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் நியூபவுண்ட்லாந்துக் கரையினின்று எழுந்து, தானே திசைகாக்கும் கருவியின் துணையால் 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, 38 மணி நேரத்திற்கு மேற் பறந்து, 11-ஆம் நாள் அயர்லாந்து நாட்டுக் கிளிப்டன் நகருக்கு அருகே இறங்கியது. 1919-ஆம் ஆண்டில் ஆல்காக், பிரௌன் என்னும் இருவர் முதன்முதல் இடைநில்லாது அக்கடலைத் தாண்டி இறங்கியதும் அவ்வட்டாரத்திலேயே. ஹில் அக்காலை 77 வயதினர்; கண்ணொளியைப் பெரிதும் இழந்தவர்; செவிப்புலனும் குன்றியவர். அவர் முன்பு விடுத்தவை கரை சேரவில்லை. ஒவ்வொரு கிராமையும் எண்ணி எண்ணிச் செய்த பொறுமையே அவ்வெற்றியைத் தந்தது.

நம் நாட்டிலும் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவினர் மாதிரி விமானம் அமைக்கப் பயிற்றப்படுகின்றனர். நண்பர்களே, வாய்ப்புடையோர் அதனைக் கைவிடாதிருங்கள். பௌதிகம் பயில்வோர்க்கு இது பாடத்தைக் கண்முன் நிறுத்தும். கணிதம் பயில்வோர்க்கு வர்க்கமும் கனமும் ஏட்டை விட்டிறங்கி மரமும் ஈயமுமாக எதிர்வரும். எம்மைப் போன்ற இலக்கிய மாணாக்கர்க்கோ, ஒப்புமை என்பது யாது என்னும் பழைய வினாவிற்குப் புதிய விளக்கம் கிடைக்கும். ஒத்திருத்தல் வேறு; உருவத்தை மட்டும் பின்பற்றுதல் வேறு. எதனை மாற்றாமற் காத்தல் வேண்டும், எதனை மாற்றினாலன்றி உயிர் நிற்காது என்று பகுத்தறிபவன் செய்த மாதிரியே மஞ்சட் சிறகை விரித்து, உண்மைக் கப்பைப் போலவே மெல்லென வானில் ஏறும்.